எல்லா மறதியும் முதுமையால் வருவதல்ல: மூளை நலமும் நமது உணவும்

"உம்மாவுக்கு வயசாகிவிட்டது, அதான் மறதி" என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். தெரிந்தவர் பெயர் சட்டென நினைவுக்கு வராமல் போவதும், கண்ணாடியை வைத்த இடத்தைத் தேடுவதும் வயதோடு வரக்கூடியவைதான். ஆனால் எல்லா மறதியையும் முதுமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. சில மறதிகளுக்குக் காரணம் உணவில் இருக்கும். சிலவற்றுக்கு நாள்தோறும் விழுங்கும் மாத்திரையிலோ, இரத்தத்தில் உள்ள சர்க்கரையிலோ, தண்ணீர் குறைவிலோ இருக்கும். இவற்றுள் சில, உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் சரியாகக் கூடியவை. "வயசு" என்று விட்டுவிட்டால் நிரந்தரப் பாதிப்பாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகில் 5.7 கோடிப் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தார்கள். இவர்களில் 60 முதல் 70 சதவீதத்தினருக்கு இருப்பது அல்சைமர் வகை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. முற்றிய அல்சைமர் நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே வருமுன் காப்பதும், குணமாகக் கூடிய மறதியைத் தனியே பிரித்து அறிவதும் குடும்பத்தின் பொறுப்பாகிறது.

மூளைக்கு ஏன் இத்தனை தேவை?

நமது உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. தசையும் ஈரலும் சர்க்கரையைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மூளையில் அப்படிப் பெரிய சேமிப்பு கிடையாது. இரத்தம் கொண்டுவந்து கொடுப்பதை வைத்துத்தான் நிமிடத்துக்கு நிமிடம் அது வேலை செய்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். முதலாவது, இரத்தத்தில் வர வேண்டிய சத்து வராவிட்டால் மூளை தடுமாறும். இரண்டாவது, சத்து இருந்தும் அதைக் கொண்டுவரும் இரத்தக் குழாய்கள் கெட்டுவிட்டால் அப்போதும் தடுமாறும். உணவுக்கும் அறிவாற்றலுக்கும் உள்ள தொடர்பை இந்த இரண்டு வழிகளிலும் பார்க்க வேண்டும்.

உணவுக் குறையால் புத்தி பேதலித்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்ற நோய் பரவலாக இருந்தது. தோல் கருகியதுபோல் ஆகும், வயிற்றுப்போக்கு வரும், பிறகு புத்தி பேதலிக்கும், இறுதியில் மரணம் நேரும். இந்நோயாளிகள் பலர் மனநோய் விடுதிகளில் கிடந்தார்கள். அது ஒரு தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-ல் இதை ஆராய அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத்தான் இது வருகிறது என்பதைக் கவனித்தார். அநாதை விடுதிகளில் பால், முட்டை, இறைச்சி, பருப்பு வகைகளைக் கூட்டிக் கொடுத்தபோது நோய் மறைந்தது. குறைந்திருந்த சத்து நியாசின் என்ற பி வகை வைட்டமின் என்பது 1937-ல் தெளிவானது. பின்னாளில் ஹைதராபாத்தில் டாக்டர் சி. கோபாலன், தக்காணப் பகுதியில் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட மக்களிடமும் இந்நோயைக் கண்டு ஆராய்ந்தார்.

இன்று பெல்லாக்ரா அரிது. ஆனால் அதே பி வகையைச் சேர்ந்த இன்னொரு வைட்டமினின் குறை, நம் வீடுகளில் கவனிக்கப்படாமலே இருந்துவிடக் கூடியது. அது பி12.

இறைச்சி சாப்பிடும் வீட்டிலும் பி12 குறையுமா?

பி12 இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால் ஆகியவற்றில் இருக்கிறது. தாவர உணவுகளில் இயல்பாகக் கிடையாது. எனவே "அது சைவம் சாப்பிடுபவர்களுக்கு வரும் குறை, நமக்கு எதற்கு?" என்று நினைக்கத் தோன்றும். இந்த நினைப்பால்தான் பல வீடுகளில் பரிசோதனையே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

பி12 சாப்பாட்டில் இருந்தால் மட்டும் போதாது. இறைச்சியின் புரதத்தோடு ஒட்டியிருக்கும் அதை வயிற்றிலுள்ள அமிலம் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு வயிறு சுரக்கும் ஒரு தனிப் புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய், அங்கேதான் இரத்தத்தில் சேர முடியும். இந்த வழியில் எங்கு தடை வந்தாலும், வாரம் மூன்று நாள் கறி சாப்பிட்டாலும் பி12 குறையும். முதியவர்களுக்குத் தடை வரும் வழிகள் மூன்று.

ஒன்று, வயது கூடக் கூடப் பலருக்கு வயிற்றின் உட்சுவர் மெலிந்து அமிலச் சுரப்பு குறைகிறது.

இரண்டு, சர்க்கரை நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடும்போது, பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இதைப் பற்றி மருத்துவர்களுக்குத் தனியே அறிவுறுத்தியது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. அதை நினைத்தால் இது எத்தனை வீடுகளைத் தொடும் விஷயம் என்று தெரியும்.

மூன்று, "கேஸ் மாத்திரை" என்று நாம் சொல்லும் ஒமெப்ரசோல், பான்டப்ரசோல் போன்றவை. இவை அமிலத்தைக் குறைப்பதற்கென்றே கொடுக்கப்படுபவை. மருத்துவரிடம் திரும்பக் கேட்காமல் வருடக்கணக்கில் தாமே வாங்கிச் சாப்பிடுபவர்கள் நம்மிடையே குறைவில்லை.

பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இருந்து, கேஸ் மாத்திரையும் தொடர்ந்தால், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடுகின்றன. நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் உறையைச் சரியாக வைத்திருக்க பி12 தேவை. அது குறையும்போது பாதங்களில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், களைப்பு, நாக்கு எரிச்சல், எரிந்து விழுதல், மனச்சோர்வு, மறதி ஆகியவை மெல்ல மெல்ல வரும். ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான பி12 இருப்பு இருப்பதால் குறை உடனே வெளியே தெரியாது. மரமரப்பைச் சர்க்கரையின் மேல் போடுவோம், மறதியை வயதின் மேல் போடுவோம்.

ஓர் இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். ஊசியாலோ அதிக அளவு மாத்திரையாலோ சரிசெய்யலாம். எது, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சீக்கிரம் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் தாமதித்தால் நரம்புப் பாதிப்பு முழுதாக மீளாது. பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் அதிகமாகச் சாப்பிடக் கூடாது. இரத்தசோகை சரியானதுபோல் தோன்றும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

இரத்தக் குழாய் கெட்டால் மூளையும் கெடும்

இதயத்துக்குக் கெடுதல் என்று நாம் அறிந்தவை பெரும்பாலும் மூளைக்கும் கெடுதலே. உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் உள்ளே ஓடும் நுண்ணிய குழாய்களைச் சிறுகச் சிறுகச் சேதப்படுத்துகின்றன. பக்கவாதம் என்று பெரிதாக வெளியே தெரியாமலே சிறு சிறு அடைப்புகள் சேர்ந்து நினைவையும் நிதானத்தையும் குறைக்கும்.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மாற்றக் கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்ய முடிந்தால் உலகில் மறதி நோயின் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று அது மதிப்பிட்டது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன், கெட்ட கொழுப்பு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. நான்குக்கும் உணவோடு நேரடித் தொடர்பு உண்டு. புகைப்பழக்கம், உடலுழைப்பின்மை, காது கேளாமை, தனிமை ஆகியவையும் அப்பட்டியலில் இருக்கின்றன.

அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்ட ஸ்பிரின்ட் ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140-க்குக் கீழ் வைத்தவர்களைவிட, 120-க்குக் கீழ் வைத்தவர்களுக்கு ஆரம்பநிலை அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைவாக வந்தது. எந்த முதியவருக்கு எந்த அளவு ஏற்றது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் உப்பைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழம்பில் போடும் உப்பு மட்டுமல்ல, ஊறுகாய், கருவாடு, அப்பளம், பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் அந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

எந்த உணவுமுறை மூளைக்கு நல்லது என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் தலைமையிலான குழு 'மைண்ட்' என்ற உணவுமுறையை வகுத்தது. கீரைகள், பிற காய்கறிகள், பெர்ரி பழங்கள், கொட்டை வகைகள், பயறுகள், முழுத் தானியம், மீன், கோழி, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைக் கூட்டி, சிவப்பு இறைச்சி, வெண்ணெய், பாலாடைக் கட்டி, இனிப்பு, பொரித்த உணவு ஆகியவற்றைக் குறைப்பது அதன் சாரம். 923 முதியவர்களைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இதை மிக நெருக்கமாகக் கடைப்பிடித்தவர்களுக்கு அல்சைமர் வரும் விகிதம் 53 சதவீதம் குறைவாக இருந்தது.

இந்த ஒரு எண்ணை மட்டும் சொல்லி நிறுத்திவிடும் செய்திகள் நிறைய உண்டு. அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். நல்ல உணவு சாப்பிடுபவர்கள் பொதுவாக நடப்பவர்களாகவும், புகைக்காதவர்களாகவும், படித்தவர்களாகவும் இருப்பார்கள். பலன் எதனால் வந்தது என்று அதில் பிரித்தறிவது கடினம். எனவே 604 பேரை இரு குழுவாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் சோதனை நடத்தினார்கள். 2023-ல் வந்த முடிவில் மைண்ட் உணவு சாப்பிட்டவர்களுக்கும், வழக்கமான உணவையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் இடையே கருதத்தக்க வித்தியாசம் இல்லை. இரு குழுவினரும் ஓரளவு முன்னேறியிருந்தார்கள்.

அப்படியானால் உணவால் பயனில்லையா? ஃபின்லாந்தின் 'ஃபிங்கர்' ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. 60 முதல் 77 வயதுவரையுள்ள 1,260 பேரில் ஒரு குழுவினருக்கு நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, இரத்த அழுத்தம் மற்றும் சர்க்கரைக் கண்காணிப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்குப் பொதுவான ஆலோசனை மட்டும் தரப்பட்டது. 2015-ல் வெளியான முடிவின்படி, முதல் குழுவினரின் அறிவாற்றல் தேர்வு மதிப்பெண்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக முன்னேறின. உணவு தனித்து நின்று அற்புதம் செய்துவிடாது. நடை, உறக்கம், பேச்சுத் துணை, மருந்து ஒழுங்கு ஆகியவற்றோடு சேரும்போது அது வேலை செய்கிறது.

நம் தட்டில் எதை மாற்றலாம்?

ஆலிவ் எண்ணெயும் புளூபெர்ரியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அந்த உணவுமுறைகளின் அடிப்படை நம் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கிறது.

மீன்: மூளையின் கொழுப்பில் முக்கியமானது டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி, சூரை போன்ற மீன்களில் இது நன்றாக உண்டு. வாரம் இரண்டு முறை போதும். எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதைவிடக் குழம்பாகவோ ஆணமாகவோ வைப்பது மேல். விலை கூடிய வஞ்சிரம்தான் நல்லது என்பதில்லை, மலிவான மத்தியே போதும்.

கீரையும் காயும்: முருங்கை, அரைக்கீரை, பசலை ஆகியவற்றில் ஃபோலேட் இருக்கிறது. வெந்த நீரை வடித்துக் கொட்டினால் சத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும். பழமும் காயும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கறிச்சோறு சமைக்கும் நாளில் காய் சமைப்பதில்லை என்ற பழக்கம் இருந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம்.

தானியம்: வெள்ளைச் சோறும் மைதா பரோட்டாவும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பு, பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றைக் கூட்டலாம்.

இறைச்சி: முழுதாக விடத் தேவையில்லை. கொழுப்பு நீக்கிய துண்டுகளை, அளவாகச் சாப்பிடலாம். ஈரலில் பி12 மிகுதி. 1926-ல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும், அந்நாளில் உயிரைக் குடித்த ஒருவகை இரத்தசோகையை ஈரல் கொடுத்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதிலிருந்த சத்து பி12 என்று பின்னரே தெரிந்தது. ஆனாலும் கொழுப்பும் யூரிக் அமிலமும் கூடியவர்கள் ஈரலை அளவோடு சாப்பிட வேண்டும்.

எண்ணெய்: வனஸ்பதி எனும் டால்டா, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். டிரான்ஸ் கொழுப்பு எண்ணெய்களில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் இந்தியாவில் சட்டம் உள்ளது. கடையில் பலமுறை கொதித்த எண்ணெயில் பொரித்த சமோசாவுக்கு அந்த முத்திரை கிடையாது.

இரு எச்சரிக்கைகள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தையும் பழங்களையும் மருத்துவர் சொல்லும் அளவில்தான் சாப்பிட வேண்டும்.

டீயும் ரஸ்க்கும் மட்டும் உணவாகிவிட்டால்

முதியவர்கள் விஷயத்தில் அதிகம் சாப்பிடுவது ஒரு பிரச்சினை என்றால், சாப்பிடாமல் இருப்பது இன்னொன்று. பல் போனதும் கறியையும் காயையும் ஒதுக்கிவிட்டு, குழைந்த சோறு, டீ, ரஸ்க் என்று பொழுதை ஓட்டுவார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீட்டில் ஒருவராக அல்லது இருவராக இருப்பவர்கள் "எனக்காக ஏன் அடுப்பு மூட்ட வேண்டும்" என்று விட்டுவிடுவார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகிய உம்மாமார்கள், கறித்துண்டைப் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு ஆணத்தோடு எழுந்துவிடுவார்கள்.

நல்ல உடல்நிலையில் உள்ள முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பது முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். கொத்துக்கறி, மசித்த பருப்பு, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், தயிர் என மென்மையாகக் கொடுத்தால் பல் இல்லாதவரும் சாப்பிடுவார். பல் செட் கட்டிக் கொடுப்பதும் மூளைக்குச் செய்யும் உதவிதான். காரணமில்லாமல் எடை குறைவது சிலருக்கு மறதி நோயின் முன் அறிகுறியாகவும் இருப்பதுண்டு. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

வயதானால் தாக உணர்வும் மங்கும். உடலில் நீர் குறைந்தாலே முதியவர் குழம்பிப் பேசுவார். கேட்டால்தான் தண்ணீர் என்றில்லாமல், வேளை வைத்துக் கொடுக்க வேண்டும்.

நோன்புக் காலத்தில்

சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடும் முதியவர்கள் நோன்பு வைக்க விரும்பினால், ரமளானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பகலில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், உளறல் ஆகியவை அதன் அடையாளம். மூளைக்கு அது நேரடி ஆபத்து. அந்த நேரத்தில் நோன்பை முடித்துச் சர்க்கரை கொடுப்பதே சரி. நோயாளிகளுக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதைப் பெரியவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வது பிள்ளைகளின் கடமை. ஸஹரைத் தவறவிடாமல் இருப்பதும், இஃப்தாரில் பொரித்தவற்றையும் சர்பத்தையும் குறைத்துக் கஞ்சியும் பழமும் அளவாக எடுப்பதும் எல்லோருக்கும் நல்லது.

ஞாபகசக்தி மாத்திரைகள்

ஞாபகசக்திக்கென விற்கும் பவுடருக்கும் மாத்திரைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் நிறையச் செலவாகிறது. மறதி நோயைத் தடுக்க வைட்டமின் பி, ஈ, ஒமேகா-3, பல சத்து மாத்திரைகள் ஆகியவற்றைப் பரிந்துரைக்கக் கூடாது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,000-க்கும் மேற்பட்டோருக்கு ஜின்கோ மாத்திரையைப் பல ஆண்டுகள் கொடுத்தும் மறதி நோய் குறையவில்லை என்று 2008-ல் தெரிந்தது. வல்லாரையைக் கீரையாகச் சாப்பிடுவதில் தவறில்லை. மறதி நோயைத் தடுக்கும் மருந்தாக அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. குறை இருப்பவருக்கு பி12 கொடுப்பது சிகிச்சை. குறையே இல்லாதவருக்குக் கொடுப்பது வீண் செலவு.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, தொழுத தொழுகையின் ரக்அத் மட்டுமல்லாமல் தொழுததே மறந்துபோவது, பழகிய தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கில் குழம்புவது, குணம் மாறுவது ஆகியவை தொடர்ந்தால் காலம் தாழ்த்தக் கூடாது. ஓரிரு நாளில் திடீரென வரும் குழப்பம் அதைவிட அவசரம். கிருமித் தொற்று, சோடியம் இறங்குவது, சர்க்கரை இறங்குவது, பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் தாமே வாங்கிய கேஸ் மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம், இரத்த அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இவை எல்லாம் சாதாரண ஊர்களிலும் செய்யக் கூடிய பரிசோதனைகள்தான்.

எல்லாம் பார்த்த பிறகு மறதி நோய்தான் என்று தெரிய வந்தாலும், நல்ல உணவும், உடன் அமர்ந்து சாப்பிடும் துணையும் அவருக்கு அப்போதும் தேவை. வேறு காரணம் என்று தெரிய வந்தால், இழந்துவிட்டதாக நினைத்த நினைவில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கலாம். அதை அறிந்துகொள்ள இந்த வாரமே மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு வாப்பாவையோ உம்மாவையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.